ஐந்து நட்சத்திரப் பையனின் முதல் பருவம்

ஆகஸ்ட் முடியும்போது அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து தொடங்கும். கூடவே ஒரு பேச்சும் தொடங்கும். "இந்த வருடம் நமக்கு ஒரு பையன் வந்திருக்கிறான், குவாட்டர்பேக், நாட்டிலேயே முதல் ரேங்க்." இதைச் சொல்பவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவராக இருக்கலாம், அந்த ஊர்க் கடைக்காரராக இருக்கலாம். பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் சனிக்கிழமைகளில் இந்த ஆட்டத்தின் முன் உட்காரப் பழகிக்கொண்ட நம்மூர் அப்பாவாகவும் இருக்கலாம். முதல் ஆட்டத்தில் பையன் நன்றாக ஆடினால் சாம்பியன் பட்டமே கையில் வந்த மாதிரி. இரண்டாவதில் சொதப்பினால், "இவனுக்கா இவ்வளவு விளம்பரம்?" இடையில் ஓடியது ஒரே ஒரு வாரம்.

அப்படிப்பட்ட பையனிடம் உண்மையில் எதை எதிர்பார்க்கலாம்? ஆட்டம் புதிதாக இருப்பவர்களுக்கும் இது புரியும். கொஞ்சம் அடிப்படை மட்டும் தெரிந்தால் போதும்.

பெயர்தான் கால்பந்து. பந்தைக் காலால் உதைப்பது அபூர்வம். ஓர் அணியில் 11 பேர் களத்தில் நிற்பார்கள். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 முயற்சிகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் 4 கிடைக்கும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளிகள். ஒவ்வொரு முயற்சியும், வரிசையின் நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் அனுப்புவதில் தொடங்குகிறது. அதற்குப் பெயர் ஸ்னாப். பின்னால் நின்று அதை வாங்குகிறவர்தான் குவாட்டர்பேக். வாங்கியதும் ஓடுபவரிடம் கொடுக்கலாம், தூரத்தில் ஓடிக்கொண்டிருப்பவருக்கு எறியலாம், தானே எடுத்துக்கொண்டு ஓடலாம். எதைச் செய்தாலும் அதற்குள் நாலைந்து பேர், சில சமயம் ஆறேழு பேர், அவரைக் கீழே சாய்க்கப் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள். யோசிக்கக் கிடைப்பது இரண்டரை, மூன்று வினாடி.

நட்சத்திரம் சொல்வது என்ன?

உயர்நிலைப் பள்ளியில் ஆடும் பையன்களைப் பார்த்து மதிப்பிட்டு நட்சத்திரம் கொடுக்கும் நிறுவனங்கள் அங்கே உண்டு. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என். ஆகியவை பிரபலமானவை. இவை எதுவும் அதிகாரபூர்வ அமைப்பு இல்லை. ஆள் அனுப்பிப் பார்த்து, வீடியோ பார்த்து, முகாம்களில் எடை, உயரம், வேகம் பார்த்து முடிவு செய்பவர்கள். உச்சம் ஐந்து நட்சத்திரம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. 247ஸ்போர்ட்ஸ் ஒரு வருடத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பது ஏறக்குறைய 32 பேருக்குத்தான். ஏன் 32? தொழில்முறை லீகான என்.எஃப்.எல். வருடா வருடம் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் சுற்றில் இருக்கும் இடங்கள் 32. அதாவது, "இந்தப் பையன் ஒருநாள் அந்த முதல் சுற்றில் போவான் என்று நினைக்கிறோம்" என்பதே அந்த ஐந்து நட்சத்திரத்துக்குப் பொருள். பள்ளியை முடித்து மூன்று வருடம் ஆகாமல் யாரும் அந்தத் தேர்வுக்குள் நுழையவும் முடியாது.

ஆக, மதிப்பீடு செய்தவர்கள் பேசுவது இருபத்தொரு வயது ஆளைப் பற்றி. ரசிகர்கள் அதைப் பதினெட்டு வயதுப் பையனிடம், செப்டம்பர் முதல் சனிக்கிழமையே வசூலிக்கப் பார்க்கிறார்கள். என் பார்வையில் ஏமாற்றத்தில் பெரும்பகுதி இந்தத் தேதிக் குழப்பத்தால் வருவது.

இந்தக் குழப்பத்தின் பழைய உதாரணம் ரான் பௌலஸ். பென்சில்வேனியா மாநிலத்தின் பெர்விக் என்ற சிற்றூர்ப் பையன். 1993இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய தனிநபர் விருது ஹைஸ்மன் கோப்பை. பௌலஸ் அதை இரண்டு முறை வெல்வார் என்று பீனோ குக் என்ற பிரபல தொலைக்காட்சி விமர்சகர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பையன் இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை! 1935 முதல் கொடுக்கப்படும் அந்தக் கோப்பையை இரண்டு முறை வாங்கியவர் 1974, 1975இல் ஆர்ச்சி கிரிஃபின் ஒருவர்தான். பௌலஸுக்குப் பருவம் தொடங்கும் முன்பே பயிற்சியில் காறை எலும்பு முறிந்தது, முதல் வருடமே போயிற்று. பின்னால் பல்கலைக்கழகத்தின் பல எறிதல் சாதனைகளைத் தன் பெயரில் எழுதிவைத்துவிட்டுத்தான் வெளியேறினார். ஆனாலும் அவர் பேரைச் சொன்னால் இன்றும் பலருக்கு நினைவு வருவது, வராமல் போன அந்த இரண்டு கோப்பைகள்.

பள்ளி வெள்ளி, கல்லூரி சனி

பள்ளி ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவு, கல்லூரி ஆட்டங்கள் சனிக்கிழமை. இந்த ஒரு நாள் இடைவெளிக்குள்தான் அத்தனை கஷ்டமும் இருக்கிறது.

பள்ளியில் இவன் எதிரே நின்றவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அவர்களில் ஒருவனோ இருவரோ கல்லூரியில் ஆடப் போவார்கள். மற்றவர்கள் சும்மா பள்ளிக்காக ஆடுபவர்கள். இவன் கை பலமானது. கொஞ்சம் தாமதமாக எறிந்தாலும் பந்து போய்ச் சேர்ந்துவிடும். பெரிய கல்லூரியில் எதிரே நிற்கும் 11 பேருமே அவரவர் பள்ளியில் நாயகர்களாக இருந்தவர்கள். சிலருக்கு 22, 23 வயது, நாலு வருடம் எடை தூக்கிய உடம்பு. பள்ளியில் ஒருவன் காவல் இல்லாமல் ஓடுவதைப் பார்த்த பிறகு அவனுக்கு எறிந்தால் போதும். இங்கே பார்த்த பிறகு எறிந்தால் தாமதம். ஓடுபவன் திரும்புவதற்கு முன்பே, அவன் திரும்பப்போகும் இடத்துக்குப் பந்து கிளம்பியிருக்க வேண்டும்.

அதைவிடக் கடினமானது, எதிரணி போடும் வேஷம். தடுக்கும் அணியின் கடைசி வரிசையில் நிற்கும் காவலர்களை சேஃப்டி என்பார்கள். அவர்கள் இரண்டு பேர் ஆழத்தில் நின்றால் நடுப்பகுதி கொஞ்சம் லேசாக இருக்கும். ஒருவர் மட்டும் நின்றால் ஓரங்கள் தனியாக விடப்பட்டிருக்கும். இதைப் பார்த்து எங்கே எறிவது என்று குவாட்டர்பேக் முன்பே ஒரு கணக்குப் போடுவான். எதிரணிப் பயிற்சியாளருக்கும் அந்தக் கணக்குத் தெரியுமே! ஸ்னாப் வரை இரண்டு பேரை நிற்க வைப்பார். பந்து கிளம்பிய அதே நொடியில் ஒருவர் கீழே இறங்குவார். ஆறு பேர் பாய்ந்து வரப்போவதுபோல முன்வரிசையில் நிற்பார்கள். மூன்று பேர் மட்டும் வருவார்கள், மீதிப்பேர் பின்வாங்கி, இவன் எறியப்போகும் பாதையிலேயே போய் நிற்பார்கள். புதுப் பையனின் முதல் இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பிடித்துக்கொள்ளும் எறிதல், பெரும்பாலும் இப்படித்தான் வரும். டிவியில் பார்க்கும்போது, "ஆள் நிற்பது கண்ணுக்கே தெரிகிறதே, அங்கே போய் எறிகிறானே" என்று தோன்றும். அவன் பார்த்தபோது அந்த ஆள் அங்கே இல்லை.

சத்தம் வேறு. மிஷிகன் பல்கலைக்கழக மைதானத்தின் அதிகாரபூர்வக் கொள்ளளவு 1,07,601. சொந்த ஊர் ரசிகர்கள் தங்கள் குவாட்டர்பேக் பேசும்போது அமைதியாக இருப்பார்கள், எதிரணிக்காரன் வாய் திறந்தால் கத்துவார்கள். அதனால் வெளியூர் ஆட்டத்தில் பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட இவன் குரல் கேட்காது.

1972 வரை பெரிய கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் பொதுவாகப் பிரதான அணியில் ஆடவே அனுமதி இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். அவர்களுக்கென்று தனி அணி இருந்தது. கதவு திறந்த பிறகும், குவாட்டர்பேக் இடத்தை அவர்களுக்குக் கொடுக்கப் பயிற்சியாளர்கள் வெகுநாள் தயங்கினார்கள்.

இரண்டு வகை ஃபிரெஷ்மேன்

ஃபிரெஷ்மேன் என்றால் முதலாண்டு மாணவன். ஆனால் இந்த ஆட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். பள்ளி முடித்த அதே வருடம் களத்தில் இறங்குபவன் ட்ரூ ஃபிரெஷ்மேன். முதல் வருடம் பயிற்சி மட்டும் செய்து, கல்லூரியில் ஆட அனுமதிக்கப்பட்ட வருடங்களின் கணக்கில் அதைச் சேர்க்காமல், மறு வருடம் இறங்குபவன் ரெட்ஷர்ட் ஃபிரெஷ்மேன். முன்பெல்லாம் ஒரு முயற்சிக்கு உள்ளே போனாலும் அந்த வருடம் செலவானதாகவே கணக்கு; 2018 முதல் 4 ஆட்டம் வரை ஆடினாலும் வருடம் மிஞ்சும்.

"ஃபிரெஷ்மேனே ஹைஸ்மன் வாங்கியிருக்கிறானே" என்று யாராவது வாதாடினால் இந்த வேறுபாடு கை கொடுக்கும். 2012இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியின் ஜானி மான்செல் வாங்கினார், 2013இல் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் ஜேமிஸ் வின்ஸ்டன் வாங்கினார். உண்மைதான். இருவருமே ரெட்ஷர்ட், ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவர்கள். ட்ரூ ஃபிரெஷ்மேன் யாரும் இதுவரை அந்தக் கோப்பையை வாங்கியதில்லை.

சரி, சாம்பியன் பட்டம்? அது நடந்திருக்கிறது. எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் எதை எதிர்பார்ப்பது என்பது விளங்கும்.

1985இல் ஓக்லஹோமா அணியின் குவாட்டர்பேக் ட்ராய் எய்க்மன், பின்னாளில் என்.எஃப்.எல்.லில் மூன்று பட்டம் வென்றவர். மயாமியுடன் ஆடும்போது அவருக்குக் கணுக்கால் முறிந்தது. உள்ளே வந்தவர் ஜமேல் ஹோலிவே, ட்ரூ ஃபிரெஷ்மேன். அந்தப் பருவத்தின் முடிவில் பட்டம் ஓக்லஹோமாவுக்கு. ஆனால் அந்த அணி ஆடியது விஷ்போன் என்ற முறை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதுதான் அதில் பிரதானம், எறிவது எப்போதாவது. ஹோலிவேயிடம் கேட்கப்பட்டது வேகமும் தைரியமும். மேலே சொன்ன வேஷங்களையெல்லாம் ஆட்டத்துக்கு முப்பது தடவை அவிழ்க்கும் வேலை அவருக்கு இல்லை.

அடுத்து இன்னொரு ட்ரூ ஃபிரெஷ்மேன் தொடக்கக் குவாட்டர்பேக்காகப் பட்டம் வெல்ல 33 பருவங்கள் ஆயின. 2018, கிளெம்சன் அணி, ட்ரெவர் லாரன்ஸ். ஜார்ஜியா மாநிலப் பையன், அந்த வருடத்தின் முதல் ரேங்க். எல்லாரும் இப்போது நினைவில் வைத்திருப்பது 2019 ஜனவரி 7 இறுதியாட்டம்: அலபாமாவை 44–16 என்று நொறுக்கினார்கள், லாரன்ஸ் 347 கெஜம் எறிந்தார், 3 டச்டவுன். எல்லாரும் மறந்துவிடுவது பருவத்தின் தொடக்கம். முதல் 4 ஆட்டங்களைத் தொடங்கியவர் கெல்லி பிரயன்ட் என்ற மூத்த மாணவர். லாரன்ஸை நடுநடுவே உள்ளே விட்டுப் பார்த்தார் பயிற்சியாளர் டேபோ ஸ்வின்னி. இடம் கைமாறியதும் பிரயன்ட் அணியை விட்டே போனார். 4 ஆட்டம்தான் ஆடியிருந்ததால், புதிதாக வந்திருந்த அந்த விதிப்படி அவருக்கு வருடம் மிஞ்சியது. லாரன்ஸ் தொடங்கிய முதல் ஆட்டத்திலேயே அடிபட்டு வெளியே உட்கார்ந்தார். சேஸ் பிரைஸ் என்ற மாற்று வீரர்தான் சிரக்யூஸுக்கு எதிரான அந்த ஆட்டத்தை 27–23 என்று காப்பாற்றினார். அன்று தோற்றிருந்தால் இந்தக் கதையே வேறு.

அவரைச் சுற்றி இருந்தவர்களையும் பாருங்கள். கிளெம்சனின் தடுப்பு முன்வரிசையிலிருந்து மூன்று பேர் அடுத்த வருட என்.எஃப்.எல். தேர்வின் முதல் சுற்றில் போனார்கள். அவர்கள் எதிரணியைப் புள்ளி எடுக்க விடாமல் அமுக்கி வைத்திருந்ததால், பின்தங்கிய நிலையில் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தும் வேலை லாரன்ஸுக்கு அதிகம் வரவில்லை. அபாரத் திறமை, சந்தேகமில்லை. ஆனால் திறமையை வைத்து விளையாட நல்ல வீடு கிடைத்தது.

அதற்கு முந்தைய வருடக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2018 ஜனவரி 8, அலபாமாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் இறுதியாட்டம். அலபாமாவின் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். 2016இல் ட்ரூ ஃபிரெஷ்மேனாகவே அணியை இறுதியாட்டம் வரை கொண்டுபோனவர். இடைவேளையில் ஜார்ஜியா 13–0 முன்னிலை. பயிற்சியாளர் நிக் சேபன் ஹர்ட்ஸை உட்கார வைத்து, ஹவாயிலிருந்து வந்த ட்ரூ ஃபிரெஷ்மேன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். டுவா 3 டச்டவுன் எறிந்தார். ஒரு பந்தை எதிரணிக்கும் கொடுத்தார். 20–20 என்று கூடுதல் நேரம் போயிற்று. ஜார்ஜியா பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுத்தது. அலபாமாவின் முதல் முயற்சியில் டுவா பந்தை விடாமல் பின்னால் பின்னால் ஓடி, 16 கெஜம் இழந்து கீழே விழுந்தார். அசல் புதுப்பையன் தவறு. அனுபவசாலி பந்தை வெளியே வீசிவிட்டிருப்பார். அடுத்த முயற்சியில் 41 கெஜம் தள்ளி டெவான்டா ஸ்மித்துக்கு எறிந்தார், அவரும் அந்த வருடம்தான் கல்லூரிக்கு வந்தவர். ஆட்டம் முடிந்தது, 26–23. அடுத்தடுத்த இரண்டு முயற்சிகள். ஃபிரெஷ்மேன் குவாட்டர்பேக் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் காட்டுவேன், ஒன்றை மட்டும் காட்டினால் பாதி உண்மை.

உட்கார வைக்கப்பட்ட ஹர்ட்ஸ்? அந்த வருடக் கடைசியில் டுவா அடிபட்டபோது உள்ளே வந்து அதே ஜார்ஜியாவை வென்று கொடுத்தார். பிறகு ஓக்லஹோமாவுக்கு மாறினார்; என்.எஃப்.எல்.லின் இறுதியாட்டமான சூப்பர் பௌலில், 2025இல் சிறந்த வீரர் அவர்தான்.

பணம் வந்த பிறகு

2021 ஜூலை முதல், கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். அதே வருடம், ஒரு முறை கல்லூரி மாறினால் ஒரு பருவம் சும்மா உட்கார வேண்டும் என்ற கட்டாயமும் போனது. 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாக வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம், ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் வருட உச்சவரம்பு ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர். விளைவு, பொறுமை இரண்டு பக்கமும் குறைந்துவிட்டது. பணம் கொடுத்தவர் உடனே பலன் கேட்கிறார். உட்கார வைத்தால் பையன் வேறு கல்லூரிக்குப் போய்விடுவான் என்று பயிற்சியாளர் பயப்படுகிறார்.

பிரைஸ் அண்டர்வுட் இந்தக் காலத்துப் பையன். மிஷிகனின் பெல்வில் ஊர்க்காரர், முதல் ரேங்க் குவாட்டர்பேக். முதலில் எல்.எஸ்.யு.வுக்கு, அதாவது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு, வாக்குக் கொடுத்துவிட்டு, 2024 நவம்பரில் பக்கத்து ஊரில் இருக்கும் மிஷிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். பத்து மில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தம் என்று செய்திகள் வந்தன. 2025 ஆகஸ்ட் 30, சொந்த மைதானம், நியூ மெக்சிகோ அணி: 31 எறிதலில் 21 போய்ச் சேர்ந்தன, 251 கெஜம், வெற்றி. ஒரே வாரம் கழித்து ஓக்லஹோமாவின் மைதானம்: 24 எறிதலில் 9 மட்டும், தோல்வி. கை அதே கை. மாறியது எதிரணியும் இடமும். முதல் ஆட்டத்தைப் பார்த்து ஆடியதும் இரண்டாவதைப் பார்த்து வாடியதும் இரண்டுமே அவசரம்.

அதே ஆகஸ்ட் 30 அன்று இன்னொரு முன்னாள் முதல் ரேங்க் பையனும் களத்தில் இருந்தார். பெயர் ஆர்ச் மானிங். என்.எஃப்.எல்.லில் புகழ்பெற்ற குவாட்டர்பேக்குகளான பெய்ட்டன் மானிங், ஈலை மானிங் இருவருக்கும் அண்ணன் மகன். 2023இல் டெக்சஸில் சேர்ந்து, இரண்டு வருடம் க்வின் யூவர்ஸுக்குப் பின்னால் காத்திருந்தவர். காத்திருந்ததால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது: நாட்டின் முதலிட அணியாகப் போன டெக்சஸ் அன்று ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14–7 தோற்றது. சித்தப்பா பெய்ட்டன் 1994இல் டென்னசியில் நுழைந்த விதமோ வேறு. அவருக்கு முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் முழங்காலில் அடிபட்ட பிறகுதான் இடம் கிடைத்தது. அந்த இருவரில் ஒருவர் டாட் ஹெல்டன், பின்னால் பேஸ்பாலில் பெரிய ஆள். யாரும் பெரிதாக எதிர்பார்க்காத நேரத்தில் வந்த பெய்ட்டன், தொடங்கிய 8 ஆட்டங்களில் 7ஐ வென்றார்.

அடுத்த சனிக்கிழமை எதைப் பார்ப்பது?

டச்டவுன் எண்ணிக்கையை விடுங்கள். முதலில், அவனிடம் என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதி முயற்சிக்கு மேல் ஓடுபவரிடமே பந்து போகிறது, எறிவதெல்லாம் ஐந்தாறு கெஜம் என்றால், பயிற்சியாளர் அவனைக் காப்பாற்றி வைக்கிறார் என்று பொருள். அது நல்ல வளர்ப்பு. மூன்றாவது முயற்சி, இன்னும் 9 கெஜம் தேவை என்ற நிலை வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அவன் எறியத்தான் போகிறான் என்று எதிரணிக்கும் தெரியும், வேஷங்கள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அங்கே ஆள் கிடைக்காவிட்டால் பந்தை வெளியே வீசிவிட்டு நாலாவது முயற்சியில் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்க உதைப்பவரிடம் விட்டால், ரசிகர்கள் முனகுவார்கள். நான் கைதட்டுவேன்.

ஓட்டக் கணக்கைப் பார்த்து மட்டும் ஏமாற வேண்டாம். கல்லூரியில் குவாட்டர்பேக் எறிவதற்கு முன் பின்னால் சாய்க்கப்பட்டால், இழந்த கெஜம் அவன் ஓடிய கெஜத்திலிருந்து கழிக்கப்படும். நன்றாக 50 கெஜம் ஓடியவன் கணக்கில் 12 என்று இருக்கும்.

அப்புறம் அந்தக் கடைசி 15 வினாடி. இரண்டு முயற்சிகளுக்கு நடுவே கடிகாரம் 40 வினாடி ஓடும். 2024 முதல், பயிற்சியாளர் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கி வழியாகக் குவாட்டர்பேக்கின் காதில் பேசலாம். கடிகாரத்தில் 15 வரும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அதுவரை கூடவே இருந்த குரல் போய்விடும். பையனும் எதிரே 11 பேரும்தான் மிச்சம். செப்டம்பரில் பெரும்பாலான புதுப் பையன்கள் அந்த நேரத்தில் அசையாமல் நிற்பார்கள், அல்லது ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரை எட்டி எட்டிப் பார்ப்பார்கள். நவம்பரில் அதே பையன் ஸ்னாப்புக்கு முன்னால் கையை நீட்டி, பாய்ந்து வரப்போகிறவன் யார் என்று தன் முன்வரிசைக்குக் காட்டுகிறானா, பக்கத்தில் நிற்கும் ஓடுபவரை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மாற்றி நிறுத்துகிறானா என்று பாருங்கள். அன்று அந்த எறிதல் தரையில் விழுந்தாலும் பரவாயில்லை.